அமைதியைப் பட்டமாகப் படித்து என்ன கண்டோம்?

கேள்வி: "மகள் சென்னையில் அரசியல் அறிவியல் பி.ஏ. முடித்திருக்கிறாள். இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அமைதி ஆய்வு எம்.ஏ.வுக்கு இடம் கிடைத்திருக்கிறது. எல்லாம் சேர்த்து முப்பது லட்சத்துக்கு மேல் ஆகும் போலிருக்கிறது. இப்படி ஒரு படிப்பு இருப்பதே எங்களுக்கு இப்போதுதான் தெரியும். படித்து முடித்தவர்கள் உண்மையில் என்ன சொல்கிறார்கள்? சண்டையை நிறுத்தவா கற்றுத் தருகிறார்கள்? வேலை கிடைக்குமா?"

நான் 2012-13இல் அங்கே அதே எம்.ஏ. படித்தவன். அதற்கு முன் நான்கு வருடம் தென் மாவட்டங்களில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன்: மகள் போகட்டும், ஆனால் இந்த வருடம் வேண்டாம். ஏன் என்று சொல்லத்தான் இத்தனை நீளம்.

சண்டையை நிறுத்தக் கற்றுத் தருகிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். ஊரில் எல்லோரும் என்னிடம் கேட்டது இதைத்தான். என் அத்தை ஒருபடி மேலே போய், "மாமாவுக்கும் எனக்கும் முதல்ல சமாதானம் பண்ணி வை, அப்புறம் லண்டன் போகலாம்" என்றார். அந்தத் துறையைத் தொடங்கியவரே சண்டையை நிறுத்துவதைப் பற்றி அவ்வளவு எளிதாகப் பேசியவர் இல்லை.

அவர் பெயர் ஆடம் கேர்ள். இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் இருந்தவர். போர்க் கைதிகளாக இருந்து திரும்பிய சிப்பாய்கள் வீட்டு வாழ்க்கைக்குப் பழகுவதற்கு உதவும் பணியில் இருந்தார், அப்புறம் கல்வித் துறைப் பேராசிரியரானார். 1965 இந்திய-பாகிஸ்தான் போரின்போதும், 1967 முதல் 1970 வரை நடந்த நைஜீரிய-பியாஃப்ரா போரின்போதும் குவேக்கர்கள் சார்பில் இரு தரப்புக்கும் நடுவே சத்தமில்லாமல் தூது போனவர். குவேக்கர்கள் என்றால் ஆயுதம் எடுக்க மாட்டோம் என்று சொல்லும் ஒரு சிறிய கிறிஸ்தவப் பிரிவு. அவர்கள் பணம் திரட்டிக் கொடுக்க, 1973இல் பிராட்ஃபோர்டில் அமைதி ஆய்வுக்கென்று ஒரு துறை உருவானது. முதல் பேராசிரியர் கேர்ள்.

ஊரையும் சொல்ல வேண்டும். பிராட்ஃபோர்டு ஒரு காலத்தில் கம்பளி ஆலைகளால் கொழித்த ஊர். நான் போனபோது ஆலைக் கட்டடங்கள் பாதி அடுக்குமாடி வீடுகளாகவும் பாதி புறாக்கூண்டுகளாகவும் இருந்தன. பாகிஸ்தான் பக்கத்துக் காஷ்மீரில் மங்களா அணை கட்டியபோது நிலம் போன மீர்பூர்க்காரர்கள் பலர் 1960களில் ஆலை வேலைக்கு இங்கே வந்தார்கள். அவர்களுடைய பேரன்மார் கடையில்தான் நாங்கள் கறிவேப்பிலையும் உளுந்தும் வாங்கினோம். 2001 ஜூலையில் அந்த ஊரிலேயே பெரிய கலவரம் நடந்தது. உலகத்துக்கே அமைதிப் பாடம் எடுக்கும் துறை ஒரு பக்கம், நடந்து போகிற தூரத்தில் எரிந்த கடைகள் மறுபக்கம். இந்தக் கிண்டலை எங்கள் ஆசிரியர்களே முதல் வாரத்தில் சொல்லிவிட்டார்கள், நாங்கள் சொல்லும்வரை காத்திருக்கவில்லை.

சரி, படிப்புக்கு வருவோம். அதற்கு என் பழைய வேலையிலிருந்து ஒன்றைச் சொன்னால்தான் விளங்கும்.

நான் தொண்டு நிறுவனத்தில் இருந்தபோது ஒரு கிராமத்தில் சாமி ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போவது என்று தகராறு. எங்கள் தெருவுக்கும் சாமி வரவேண்டும் என்று ஒரு தரப்பு. வழக்கத்தை மாற்ற முடியாது என்று இன்னொரு தரப்பு. வட்டாட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை. மேசைக்கு முன்னால் ஆறு நாற்காலி. ஊர்ப் பெரியவர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். காலனியிலிருந்து வந்த ஐந்து பேர் சுவரோரம் நின்றார்கள். யாரும் அவர்களை நிற்கச் சொல்லவில்லை. நாற்காலி இல்லை, அவ்வளவுதான். முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. இந்த ஆண்டு ஊர்வலமே கிடையாது, இரு தரப்பும் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். 'சுமுகத் தீர்வு' என்று மறுநாள் பேப்பரில் நான்கு வரி. நானும் அன்றைக்கு அதை வெற்றி என்றுதான் எங்கள் மாத அறிக்கையில் எழுதினேன். எழுதும்போதே ஏதோ உறுத்தியது. என்னவென்று சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை.

பிராட்ஃபோர்டில் மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ அந்த வார்த்தை கிடைத்தது. நார்வேக்காரரான யோஹான் கால்டுங் 1969இல் எழுதிய கட்டுரையைப் படிக்கச் சொன்னார்கள். அடிதடி இல்லாமல் இருப்பது எதிர்மறை அமைதி. மனிதர்களை நிற்கவைத்துத் தேய்க்கும் அமைப்பே இல்லாமல் போவது நேர்மறை அமைதி. யாரும் கை ஓங்காமலே ஒருவரின் வாழ்க்கையைக் குறுக்கிவிடுகிற ஏற்பாட்டுக்கு அவர் வைத்த பெயர் கட்டமைப்பு வன்முறை. படித்ததும் எனக்கு அந்த ஆறு நாற்காலிகள்தான் ஞாபகம் வந்தன. (கால்டுங் இளைஞராக இருந்தபோது ராணுவ சேவைக்கு மறுத்துச் சிறைக்குப் போனவர். அந்த நாட்களில் அவர் கையில் எடுத்த வேலை, தத்துவப் பேராசிரியர் ஆர்னே நேஸுடன் சேர்ந்து காந்தியைப் பற்றி ஒரு நூல். நம் ஊர்ச் சரக்கு நார்வே போய், இங்கிலாந்து வழியாக, பவுண்டு விலையில் எனக்குத் திரும்பி வந்தது என்று நினைத்துக்கொண்டேன்.)

கேர்ள் இன்னும் ஒருபடி மேலே போகிறார். அவர் கேட்பது இரண்டே கேள்விதான். இரு தரப்புக்கும் பலம் சமமா? தங்களுக்குள் மோதல் இருப்பது அவர்களுக்கே தெரிந்திருக்கிறதா? பலமும் சமமில்லை, தெரியவும் இல்லை என்றால், தேவை பேச்சுவார்த்தை இல்லை, கல்வி. தெரிந்துவிட்டது, ஆனால் பலம் சமமில்லை என்றால், அடுத்த கட்டம் எதிர்ப்பு. பலம் ஓரளவு சமப்பட்ட பிறகுதான் பேச்சுவார்த்தைக்கே அர்த்தம். அதாவது அமைதியை நோக்கிப் போகும் பாதையில் சண்டை சில நேரம் கூடத்தான் செய்யும். வகுப்பில் இதைக் கேட்டபோது கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது. வட்டாட்சியர் அலுவலகத்தில் நாங்கள் செய்தது நான்காம் வகுப்புப் பாடத்தை முதல் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒப்பிக்கச் சொன்ன கதை.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதுதான். சண்டையை நிறுத்த அங்கே கற்றுத் தரவில்லை. எந்தச் சண்டையை நிறுத்தக் கூடாது, எந்த அமைதியை நம்பக் கூடாது என்று பார்க்கக் கற்றுத் தந்தார்கள். இதைக் கற்றுக்கொள்ள, நமக்கென்று ஒரு சண்டையைப் பார்த்திருக்க வேண்டும். மகளை இந்த வருடம் அனுப்ப வேண்டாம் என்று நான் சொல்வதன் முதல் காரணம் இதுவே. எங்கள் வகுப்பில் பி.ஏ. முடித்து நேராக வந்த மூன்று நான்கு பேர் இருந்தார்கள். எல்லோரும் கெட்டிக்காரர்கள், கட்டுரைகளில் எங்களைவிட நல்ல மதிப்பெண். ஆனால் அவர்களில் ஒருத்தி பிற்பாடு என்னிடம் சொன்னாள்: "நீங்களெல்லாம் படிக்கும்போது யாரையோ ஞாபகப்படுத்திக்கொண்டீர்கள். எனக்கு ஞாபகப்படுத்திக்கொள்ள யாரும் இல்லை." அவள் இன்று செவிலியராக இருக்கிறாள், சந்தோஷமாகவே இருக்கிறாள்.

பாடத்திட்டத்தில் என்னென்ன இருக்கும் என்று பல்கலைக்கழகமே சொல்லிவிடும், அதில் நேரம் செலவழிக்க வேண்டாம். சொல்ல வேண்டியது நெருக்கடி விளையாட்டு பற்றி. மாணவர்களை நாடுகளாகப் பிரித்துவிடுவார்கள். ஒரு குழு அரசு, ஒரு குழு எதிரி அரசு, ஒரு குழு ஐ.நா., ஒரு குழு பத்திரிகை. கற்பனையான ஒரு நெருக்கடியைக் கொடுத்து, நாள் கணக்கில் அதை நடத்தவிடுவார்கள். எங்களுக்கு வந்தது ஒரு கடல் எல்லைத் தகராறு. நான் ஒரு நாட்டின் பாதுகாப்பு அமைச்சர். முதல் நாள் காலை எல்லோரும் பேச்சுவார்த்தை, நல்லெண்ணம் என்று எழுதிக்கொண்டிருந்தோம். மாலையில் பத்திரிகைக் குழு 'அமைச்சர் தயங்குகிறார்' என்று ஒரு தலைப்புப் போட்டது. அவ்வளவுதான். இரண்டாம் நாள் மதியம், அமைதி படிக்க வந்த பன்னிரண்டு பேர் ஒரு மூடிய அறையில் உட்கார்ந்து, ஆறிப்போன சமோசாவைத் தின்றுகொண்டு, கடற்படை முற்றுகைக்கு ஏகமனதாக உத்தரவு போட்டோம். உத்தரவில் கையெழுத்து என்னுடையது. அன்று இரவு தூக்கம் வரவில்லை என்றால் மிகை. ஆனால் அதற்குப் பிறகு டிவியில் எந்த அமைச்சர் முறைத்துப் பேசினாலும், அவருக்கு நேற்று என்ன தலைப்புப் போட்டார்கள் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

படிப்பின் மேல் எங்களுக்கு இருந்த மனக்குறையையும் சொல்ல வேண்டும். இது ஒரு பல்கலைக்கழகத்தின் குறை இல்லை, அந்தத் துறை முழுவதற்கும் உள்ளது. மோதல்களை எண்ணுவதற்கு உலகம் முழுக்கப் பயன்படும் தரவுத்தொகுப்பு ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்துடையது. அதன் கணக்கில், அரசு ஒரு தரப்பாக உள்ள மோதலில் ஓர் ஆண்டில் குறைந்தது 25 பேர் சண்டையில் இறந்தால் அது ஆயுத மோதல், ஆயிரத்தைத் தொட்டால் போர். கணக்குக்கு ஒரு கோடு வேண்டும், அதில் தவறில்லை. எங்களோடு கிளிநொச்சியிலிருந்து வந்த ஒரு தங்கை படித்தாள். அந்தப் பாடம் நடந்த அன்று வகுப்பில் ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்து காப்பி இயந்திரத்துக்கு முன்னால் நின்றுகொண்டு கேட்டாள்: "அப்ப எங்கட சண்டை 2009ஓட முடிஞ்சுபோச்சு, என்ன அண்ணா? இருபத்தஞ்சுக்குக் கீழ போனாச் சரியெண்டா, காணாமல் போன என்ர சித்தப்பாவ எந்தக் கட்டத்தில போடுறது?" எனக்குப் பதில் தெரியவில்லை. அவள் தன் ஆய்வேட்டையே அந்தக் கேள்வியின் மேல் எழுதினாள், தன் ஊர்ப் பெண்கள் எந்த நாளைப் போர் முடிந்த நாளாகச் சொல்கிறார்கள் என்று. ஆசிரியர்கள் தடுக்கவில்லை, உற்சாகப்படுத்தினார்கள். ஆனால் அந்தக் கேள்வியை வகுப்புக்குக் கொண்டுவர அவள் வரவேண்டியிருந்தது.

படித்து முடித்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பது உங்கள் முதல் கேள்வி. பத்து வருடம் ஆனதை முன்னிட்டு 2023இல் நாங்கள் ஒன்பது பேர் ஜூமில் கூடினோம். எல்லோரும் வழுக்கை, நரை, மடியில் குழந்தை. பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நின்றது: அந்தப் படிப்பு உருப்படியா?

அதிகம் பேசியவர் கொலம்பியாக்காரர். அவர் நாட்டில் அரசுக்கும் ஃபார்க் கெரில்லாக்களுக்கும் ஐம்பது வருடத்துக்கு மேலான போர். நான்கு வருடம் ஹவானாவில் பேச்சு. பாதிக்கப்பட்டவர்களையே அழைத்துப் பேசவைத்தார்கள், பெண்களுக்கென்று தனித் துணைக்குழு, பாடப்புத்தகத்தில் இருக்க வேண்டியது எல்லாம் இருந்தது. நண்பர் கிராமம் கிராமமாகப் போய் ஒப்பந்தத்தை விளக்கும் வேலையில் இருந்தார். 2016 அக்டோபர் 2 அன்று மக்கள் வாக்கெடுப்பு. 'வேண்டாம்' ஜெயித்தது. வித்தியாசம் அரை சதவீதம்கூட இல்லை. "நாங்கள் படித்தபடியே செய்தோம், தோற்றோம்" என்றார். அப்புறம் அவர் சொன்னதுதான் விஷயம். 2002இல் தேவாலயத்தில் ஒதுங்கியிருந்தவர்கள் மேல் குண்டு விழுந்து ஏராளமானோர் செத்த பொஹயா ஊர், 96 சதவீதம் 'வேண்டும்' என்று போட்டது. போர் தொடாத பல நகரங்கள் 'வேண்டாம்' என்றன. "அடிபட்டவனைச் சமாதானத்துக்கு எப்படிக் கொண்டுவருவது என்று ஒரு வருடம் படித்தேன். அவன் முன்னாடியே வந்து நிற்கிறான். அடிபடாதவனோடு எப்படிப் பேசுவது என்று யாரும் சொல்லித்தரவில்லை." திருத்திய ஒப்பந்தம் நவம்பரில் நாடாளுமன்றம் வழியாக நிறைவேறியது. அவர் இப்போது ஒரு நகரத்துப் பள்ளியில் வரலாற்று ஆசிரியர். வேண்டுமென்றே நகரத்துப் பள்ளி.

கென்யாவிலிருந்து வந்திருந்த அக்காவுக்கு வேறு மாதிரி மனத்தாங்கல். அவருடைய நாட்டின் வடகிழக்கில் வஜீர் என்று ஒரு மாவட்டம். 1990களின் தொடக்கத்தில் இனக்குழுச் சண்டை அங்கே சந்தை வரை வந்துவிட்டது. பெண்கள் சிலர் கூடி, யார் எந்தக் குழுவாக இருந்தாலும் சந்தையில் விற்கவும் வாங்கவும் தடை இருக்கக் கூடாது என்று முடிவெடுத்து, தாங்களே காவலுக்கு நின்றார்கள். அங்கிருந்துதான் வஜீர் அமைதிக் குழு வளர்ந்தது. அதை நடத்தியவர்களில் ஒருவரான தேகா இப்ராஹிம் அப்திக்கு 2007இல், 'மாற்று நோபல்' என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. "எங்கள் ஊர்ப் பெண்கள் வெங்காயத் தராசோடு செய்ததை, நான் கடல் தாண்டி வந்து கட்டணம் கட்டி 'அடிமட்ட அமைதிக் கட்டமைப்பு' என்ற பெயரில் படித்தேன்" என்று சிரித்தார். ஆனால் அந்தப் பெயர் இருந்ததால்தான் பிற்பாடு அரசு அதிகாரிகளிடம் பேச முடிந்தது என்றும் அவரே சொன்னார். சந்தைப் பெண்கள் சொன்னால் கேட்காத அதிகாரி, எம்.ஏ. படித்தவள் அதையே சொன்னால் குறிப்பெடுத்துக்கொள்கிறார். அநியாயம்தான். ஆனால் பட்டத்தின் பயன் அதுவும்தான்.

கிளிநொச்சித் தங்கை அன்று வரவில்லை. வேலை இருக்கிறது என்று செய்தி அனுப்பியிருந்தாள்.

இனி வேலை. இதில் நாசூக்காகச் சொல்லிப் பயனில்லை. இந்தப் பட்டத்தைப் பார்த்துக் கூப்பிட்டு வேலை தருபவர் யாரும் இல்லை. நான் திரும்பி வந்து பதினொரு மாதம் சும்மா இருந்தேன். ஒரு பெரிய நிறுவனத்தின் நேர்காணலில், "அமைதி என்றால் யோகா மாதிரியா?" என்று உண்மையாகவே கேட்டார்கள். பிறகு கிடைத்த வேலையில் முதல் மூன்று வருடம் எக்செல் தாளில் 'எத்தனை பேர் பயிற்சி பெற்றனர்' என்று நிரப்பினேன். எங்கள் செட்டில் பலருக்கும் இதே கதை. ஓராண்டு ஒப்பந்தம், அப்புறம் இன்னோர் ஓராண்டு ஒப்பந்தம்.

இப்போது நிலைமை அதைவிட மோசம். இந்தத் துறைக்குச் சோறு போட்டது பணக்கார நாடுகள் மற்ற நாடுகளுக்குத் தரும் உதவிப் பணம். அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டு 2025இல் இழுத்து மூடப்பட்டது. பிரிட்டன் தன் வெளிநாட்டு உதவியைத் தேசிய வருமானத்தில் 0.5 சதவீதத்திலிருந்து 2027க்குள் 0.3 ஆகக் குறைப்பதாக அறிவித்துவிட்டது. பத்து வருட அனுபவம் உள்ளவர்களே வேலை தேடி அலைகிறார்கள். நம் நாட்டில் 2020இல் திருத்திய வெளிநாட்டு நிதிச் சட்டப்படி, அந்தப் பணத்தில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சிறிய தொண்டு நிறுவனங்களில் முதலில் வெட்டு விழுவது சம்பளத்தில்தான். கடன் வாங்கி முப்பது லட்சம் கட்டிவிட்டு இந்தக் கடலில் குதிக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கடன் வாங்காமல் போக ஒரு வழி இருக்கிறது. நான் போனதும் அப்படித்தான். ரோட்டரி அமைதி உதவித்தொகை 2002இலிருந்து கொடுக்கப்படுகிறது. கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, விமானம் எல்லாம் அதில் அடக்கம். பிராட்ஃபோர்டு அந்தத் திட்டத்தின் ஆரம்ப கால மையங்களில் ஒன்று. இப்போது எந்தெந்தப் பல்கலைக்கழகங்கள் பட்டியலில் உள்ளன என்று விண்ணப்பிக்கும் ஆண்டில் பார்த்துக்கொள்ளுங்கள். முதுகலைக்கு விண்ணப்பிக்கக் குறைந்தது மூன்று வருட முழுநேர அனுபவம் கேட்கிறார்கள். இந்த நிபந்தனை நான் மேலே சொன்னதோடு எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள். இன்னொன்று, இதில் பலர் ஏமாறுகிறார்கள்: நீங்கள் ரோட்டரி உறுப்பினராக இருந்தால் உங்கள் மகள் விண்ணப்பிக்க முடியாது. உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் தகுதி இல்லை.

அந்த மூன்று வருடத்தை எங்கே கழிப்பது? வெளிநாட்டுப் பெயர் உள்ள நிறுவனத்தைத் தேட வேண்டாம். மாவட்டத்தில் வேலை செய்யும் ஏதாவது ஓர் அமைப்பில், அல்லது ஒரு வழக்கறிஞரிடம், அல்லது உள்ளூர்ச் செய்தியாளராகச் சேரட்டும். படிப்பையும் விட மனமில்லை என்றால் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தைப் பாருங்கள். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய இடம், 1976 முதல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். காந்திய சிந்தனையும் அமைதி அறிவியலும் அங்கே தனித் துறை. எங்கள் பிராட்ஃபோர்டு வகுப்புக்கு, என்னைவிட மூன்று வயது மூத்தவர் ஒருவர் அங்கே படித்துவிட்டு வந்திருந்தார். முதல் பருவத்தில் நாங்கள் முழித்த இடங்களில் அவர் முழிக்கவில்லை.

மகளிடம் ஒரு வேலை சொல்லுங்கள். உங்கள் மாவட்டத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை என்று பேப்பரில் வரும்போது, அந்த ஊருக்கு ஒரு மாதம் கழித்துப் போய் இரண்டு தெருவிலும் தேநீர் குடித்துவிட்டு வரட்டும். பேச்சுவார்த்தையில் யார் உட்கார்ந்தார்கள், யார் நின்றார்கள், கையெழுத்தான பிறகு யாருடைய வழக்கம் அப்படியே இருக்கிறது, இவற்றை ஒரு நோட்டில் எழுதட்டும். பத்துப் பதினைந்து ஊர் ஆனதும் அந்த நோட்டை வைத்தே உதவித்தொகைக்கான கட்டுரையை எழுதலாம். நான் அப்படி ஒரு நோட்டு இல்லாமல் போனவன், ஞாபகத்திலிருந்து எழுதினேன், இரண்டாம் முறைதான் கிடைத்தது.

அப்புறம் அவள் போகும்போது ஒன்று. பிராட்ஃபோர்டு நூலகத்தில் காமன்வீல் என்றொரு தனிச் சேகரிப்பு உண்டு. உலகம் முழுக்க டி-சட்டையில் போட்டுக்கொள்ளும் அந்த வட்டமும் கோடுகளும் கொண்ட அமைதிச் சின்னத்தை 1958இல் ஜெரால்டு ஹோல்டம் வரைந்தாரே, அதன் மூல ஓவியங்கள் அங்கே இருக்கின்றன. அணு ஆயுதத்துக்கு எதிரான ஊர்வலத்துக்காக வரைந்தது. நான் படித்த வருடம் முழுக்க அந்தக் கட்டடத்தில் உட்கார்ந்திருந்தும், கடைசி வாரம்தான் யாரோ சொல்லித் தெரிந்துகொண்டேன். முதல் மாதமே கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.